இருபது ரூபாய் பத்திரத்தில் கல்யாணம் ஆகாது

போன வாரமும் ஒரு பெண் லேமினேட் செய்த தாளோடு வந்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள், மூலையில் ஜோடியாக எடுத்த போட்டோ, 'இன்று முதல் கணவன் மனைவியாக வாழச் சம்மதிக்கிறோம்' என்று டைப் அடித்த நாலு வரி, கீழே நோட்டரியின் வட்ட முத்திரை. கணவர் விபத்தில் இறந்துவிட்டார். கல்யாணமே நடக்கவில்லை என்கிறார்கள் அவர் வீட்டார். பி.எஃப். பணம் கேட்க இவர் கையில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான்.

நோட்டரிக்குத் திருமணம் செய்துவைக்கவும் அதிகாரம் இல்லை, பதிவு செய்யவும் இல்லை. இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு மேல் அந்த முத்திரைக்குப் பொருள் கிடையாது. தாளை நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் இதே கதைதான். திருமணப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று நோட்டரிகளுக்கு மத்திய சட்டத் துறை 2024-இல் எழுத்திலேயே சொல்லிவிட்டது. இருந்தும் கோர்ட் வாசலில் வியாபாரம் நடக்கிறது. எங்கள் கறுப்புக் கோட்டுக்காரர்களும் அதில் உண்டு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இத்தனைக்கும் இங்கே முறையாகக் கல்யாணம் செய்துகொள்வது சுலபம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி புரோகிதரும் வேண்டாம், ஓமமும் வேண்டாம். உறவினரோ நண்பரோ இருக்க, ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம்; மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முதலில் அதைச் செய்யுங்கள், அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். சடங்கு எதுவும் நடக்காமல் வாங்கிய சான்றிதழைச் செல்லாது என்று 2024-இல் அதே நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

எந்த மதமானாலும் பதிவு கட்டாயம். இது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, கல்யாணப் பத்திரிகை அல்லது கோயில் ரசீது, அடையாள அட்டையோடு சாட்சிகள். ஏற்கெனவே மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ துணையின் இறப்புச் சான்றோ வேண்டும். 'பேசிப் பிரிஞ்சுட்டோம் சார்' என்று தயவுசெய்து வராதீர்கள்.

இருவரும் வேறு வேறு மதம், மாறவும் விருப்பமில்லை என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்தபின் இன்னொரு 30 நாள் காத்திருப்பு. மூன்று சாட்சிகள். மூன்று வார லீவில் துபாயிலிருந்து வந்து இறங்கி, சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றால் எப்படி? முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வயது: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பெண்ணுக்குப் பத்து நாள்தானே குறைகிறது என்று கெஞ்சுகிறீர்கள். அந்தப் பத்து நாளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி. பெண்ணின் அப்பா ஸ்டேஷனுக்குப் போனால் உங்கள்மேல் விழுவது போக்சோ வழக்கு.