'ரஃப் ஸ்லீப்பிங்'னா தமிழ்ல என்ன சொல்றது?

இங்கிலாந்துல வீடில்லாதவங்களப் பத்தி எத படிச்சாலும் 'ரஃப் ஸ்லீப்பிங்'ங்கிற வார்த்தை வந்துரும். தமிழ்ல அத 'தெருவில் உறங்குவோர்'னு எழுதிட்டுப் போயிடலாம்தான், ஆனா எனக்கு அது ஒட்டவே இல்ல.

ரஃப்னா கரடுமுரடு. 1785-ல வந்த ஒரு லண்டன் கொச்சை அகராதி, 'லை ரஃப்'னா போட்டிருக்க துணியோடயே ராத்திரி பூரா படுத்துக் கிடக்கிறதுன்னும், கப்பல் தளத்துல வெறும் பலகை மேல தூங்குறதுன்னும் அர்த்தம் போட்டிருக்கு. ஆக அப்பவே இந்த வார்த்தைக்குள்ள படுக்கிறதும் தூங்குறதும் ஒட்டிக்கிச்சு. இப்ப இதுதான் அரசாங்கக் கணக்குக்கும் பேரு, வருஷா வருஷம் இலையுதிர் காலத்துல ஒரு ராத்திரி வெளிய படுத்திருக்கவங்க, படுக்கத் தயாராகுறவங்க எத்தன பேர்னு எடுக்குறாங்க.

ஆனா பொம்பளைங்க எங்க படுப்பாங்க? ரோட்டோரம் கண்ண மூடுனா என்ன நடக்கும்ங்கிற பயத்துலயே நைட் பஸ்ல ஏறி, பைய மடியில இறுக்கிக் கட்டிப்பிடிச்சு உக்காந்து, கடைசி ஸ்டாப் வந்ததும் எறங்கி அடுத்த பஸ் ஏறுவாங்க, இல்லன்னா ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில யாருக்கோ துணைக்கு வந்த மாதிரி உக்காந்திருப்பாங்க, அதுவும் முடியலன்னா விடியவிடிய நடப்பாங்க. தூங்கவே இல்லாதவங்கள 'ஸ்லீப்பிங்' கணக்குல எப்படி சேர்ப்பாங்க? கணக்கோட போனாலும் பரவால்ல, வெளிய படுத்திருக்கத ஊழியர் நேர்ல பாத்து உறுதி பண்ணாத்தான் பல சேவைகள் கெடைக்கும், அதுதான் கொடுமை.

இத மாத்தத்தான் 2022-ல லண்டன்ல சோலஸ் விமன்ஸ் எய்ட், சிங்கிள் ஹோம்லெஸ் ப்ராஜெக்ட் மாதிரி அமைப்புங்க சேந்து பெண்களுக்குன்னே தனியா ஒரு கணக்கெடுப்பு ஆரம்பிச்சாங்க. ஒரு ராத்திரி இல்ல, ஒரு வாரம். தேடிப் பாக்குறதோட நிக்காம பெண்கள் வந்து போற எடங்கள்லயே ராத்திரி எங்க இருந்தீங்கன்னு அவங்க கிட்டயே கேட்டாங்க. அந்த வருஷம் லண்டன்ல 154 பேர். 2023-ல இங்கிலாந்துல 41 உள்ளாட்சிப் பகுதிகள்ல மட்டும் 815 பேர், அதே வருஷம் அரசாங்கக் கணக்குல மொத்த இங்கிலாந்துக்கும் சேத்து பெண்கள் 568 தான். ஒரு வாரத்தையும் ஒரு ராத்திரியையும் அப்படியே பக்கத்துல வெச்சுப் பாக்கக் கூடாது, ஒத்துக்கிறேன், ஆனாலும் பெண்களுக்கு மட்டும்னு ராத்திரி திறந்திருக்கிற எடம் வேணும், படுத்திருந்தாத்தான் உதவிங்கிற விதி வேணாம்னு கேக்குறவங்க கையில அழுத்தமா ஒரு ஆதாரம் வந்துச்சு.

இப்ப தமிழுக்கு வரேன். 'உறங்குவோர்'னு போட்டா அந்தத் தப்ப நாமளும் கூடவே இறக்குமதி பண்றோம். நம்ம வீட்டுப் பேச்சுலயே 'போக்கிடம்'னு ஒரு வார்த்தை இருக்கு, 'போக்கிடம் இல்லாம நிக்கிறா'ன்னு சொன்னா அவ தூங்குறாளா நடக்குறாளான்னு யாரும் பாக்கப் போறதில்ல, போக ஒரு எடம் இல்ல, அவ்வளவுதான். அதனால என் ஓட்டு 'போக்கிடமின்மை'க்கு. தெரிஞ்சவங்க வீட்டு சோஃபாவுல மாறி மாறி தங்குறாங்களே, அத 'சோஃபா சர்ஃபிங்'னு சொல்றாங்க, அதுக்கும் 'ஒண்டுதல்' இருக்கு. ஒண்டுக்குடித்தனத்துல இருக்கிற அதே ஒண்டு. 'மூணு மாசமா அங்கயும் இங்கயும் ஒண்டிக்கிட்டு இருந்தேன், இப்ப போக்கிடமில்ல'ன்னு ஒரு பொண்ணு சொன்னா, படிவத்துல அப்படியே எழுதிக்கலாம்.