கடற்கரை ஷூட் முடிந்து வந்ததும் சென்சாரைத் துடைக்காதீர்கள்

ராமநாதபுரத்தில் கேமரா சர்வீஸ் பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் சென்சார் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு) கோளாறுகளில் பெரும்பாலானவை, தூசியை எடுக்கப் போய் வந்த வினை. தனுஷ்கோடியிலும் அரிச்சல்முனையிலும் கல்யாண ஜோடிகளை வைத்து அவுட்டோர் எடுக்கும் தம்பிகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையிலோ திருச்சியிலோ சென்சாரில் விழுவது பெரும்பாலும் வெறும் தூசி. ஊதினால் போய்விடும். நம் கரையில் விழுவது உப்பு. காற்றில் வரும் கடல்நீர்த் திவலை சென்சார் மேல் பட்டுக் காய்ந்தால், உப்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் அந்தப் புள்ளி ஒருநாள் கசியும், ஒருநாள் இறுகும். கூடவே மணல். கடல்மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறும்.

சமீபத்தில் ஒரு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா பாடி வந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை விரலில் சுற்றிச் சென்சாரைத் துடைத்திருக்கிறார்கள். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். உப்புப் புள்ளி அப்படியே இருந்தது. நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளை வளையம். அதன் பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய வளைந்த கீறல். விரல் போன வழி அப்படியே தெரிந்தது. நாம் துடைப்பது சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியைத்தான் என்றாலும், அதில் கீறல் விழுந்தால் எந்தத் திரவமும் சரிசெய்யாது. பல மாடல்களில் சென்சார் யூனிட்டையே மாற்ற வேண்டிவரும். கடன் வாங்கி பாடி வாங்கிய பையனிடம் அந்தச் செலவைச் சொல்ல மனசே வராது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சுத்தம் செய்யும் தேவை இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 100 வைத்து, லென்ஸ் துளையை எஃப்/16-க்குச் சுருக்கி, ஃபோகஸை விலக்கி, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுங்கள். துளை அகன்ற எஃப்/2.8-இல் கண்ணில் படாத புள்ளி இதில் கறுப்பாகத் தெரியும். படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி இருந்தால், மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) வழியாக நேரே பார்க்கும்போது அது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச்செய்வதால் இப்படி. இது தெரியாமல் சுத்தமான மூலையையே தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அப்புறம் ரப்பர் ப்ளோயர். காற்றாடியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மவுண்ட் தரையைப் பார்க்கும்படி பாடியைக் கவிழ்த்து ஊதுங்கள். ப்ளோயரின் மூக்கு நுனி உள்ளே போகக் கூடாது; ஷட்டர் இதழ் அவ்வளவு மெல்லியது, ஒரு இடி போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேனில் அடைத்த காற்று திரவமாகப் பீய்ச்சிக் கறை விடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அடித்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள், அதில் எண்ணெயும் தண்ணீரும் கலந்தே வரும். தயவுசெய்து வேண்டாம்.

டிஎஸ்எல்ஆராக (சென்சாருக்கு முன்னால் மிரர் உள்ள கேமரா) இருந்தால் பேட்டரி நிறைய இருக்கும்போது மட்டும் மெனுவில் உள்ள கிளீனிங் முறையில் மிரரைத் தூக்குங்கள். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டர் மூடி, மிரரும் கீழே இறங்கும். உள்ளே இருக்கும் ஸ்வாப்போடு (சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி) சேர்த்து எல்லாம் போச்சு. மிரரையும் அதற்கு மேலுள்ள ஃபோகஸிங் ஸ்கிரீனையும் ஊதுவதோடு நிறுத்துங்கள். மிரருக்குப் பூச்சு முன்பக்கத்தில்தான் இருக்கிறது, தேய்த்தால் உரியும். ஸ்கிரீன் பிளாஸ்டிக். அங்கே விழும் தூசி வியூஃபைண்டரில்தான் தெரியும், படத்தில் விழாது.

ஊதியும் போகாத உப்புக்கு ஈர ஸ்வாப் தேவை. ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகலம். சென்சாருக்கென்று விற்கும் திரவம் இரண்டு சொட்டு, ஸ்வாப்பின் மேல். சென்சார் மேல் நேராக விடவே கூடாது. ஒரு பக்கமாக ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கமாக ஒரே இழுப்பு. பிறகு அந்த ஸ்வாப் குப்பைக்கு. விலையைப் பார்த்து இன்னொரு முறை அதையே இழுத்தால், முதல் இழுப்பில் எடுத்த மணலை நீங்களே தேய்க்கிறீர்கள். மூன்று ஸ்வாப்பில் போகாவிட்டால் நிறுத்திவிட்டு சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் பாடியில் அழுத்தம் இன்னும் குறைவாக இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் போகாமல் தப்பிக்க வழி உண்டு. ஆடிக் காற்று அடிக்கும்போது சாலையிலேயே மணல் ஓடும். அந்த இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். கார் கதவை மூடிக்கொண்டு மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு பாடி கொண்டுபோங்கள். திரும்பியதும் லென்ஸைக் கழற்றும் முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியின் வெளிப்புறத்தையும் மவுண்ட் விளிம்பையும் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு வெளிப்பூச்சைக் கீறும்.

அலையில் விழுந்த கேமரா வேறு கதை. ஆன் செய்து பார்க்காதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புநீரில் மின்சாரம் ஓடினால் போர்டு அரிக்கும். அரிசிப் பானையில் வைத்தால் உப்பு வெளியே வராது. திருகாணியைக் கழற்றவும் வேண்டாம்: ஃப்ளாஷ் உள்ள கேமராவின் கப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும், பேட்டரி இல்லாமலும் அடிக்கும். அன்றைக்கே கொண்டுவாருங்கள். எந்தத் தண்ணீர், எப்போது பட்டது, நீங்கள் எதை ஊற்றித் துடைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சானிடைசர் என்றாலும் சரி, நெயில் பாலிஷ் ரிமூவர் என்றாலும் சரி, திட்ட மாட்டேன். அது தெரிந்தால்தான் எதைக் கொண்டு கழுவுவது என்று முடிவெடுக்க முடியும்.