பண்பாடு: சொல்லும் பொருளும்

திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிறவர் 'நம்ம கலாச்சாரம்' என்பார். கல்லூரி அழைப்பிதழில் 'பண்பாட்டு விழா' என்று இருக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்தே புழங்குகிறோம். ஆனால் இரண்டும் வந்த வழி வேறு.

கலாச்சாரம் வடமொழி. கலையைக் குறிக்கும் 'கலா', நடத்தையைக் குறிக்கும் 'ஆசாரம்' இரண்டும் சேர்ந்தது. மலையாளத்தில் இதே பொருளுக்குச் 'சம்ஸ்காரம்' என்பார்கள். செங்கோட்டை தாண்டிக் கேரளம் போனால் அது பெருமையான சொல். இந்தப் பக்கம் அது ஈமச்சடங்கு; சொன்னால் யார் வீட்டில் துஷ்டி என்று கேட்பார்கள்.

பண்பாடு பழைய சொல் போலத் தோன்றும். இந்தப் பொருளில் அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. ஆங்கிலக் 'கல்ச்சர்' என்பதற்கு நேராக இதை முதலில் வழங்கியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், 1937 வாக்கில் என்று குறித்திருப்பவர் தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை. இருவருமே இந்தச் சீமைக்காரர்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு 'வட்டத்தொட்டி' முற்றத்தில் கம்பனை ரசித்துப் பேசிய கூட்டத்தை இன்றும் ஊரில் நினைவுகூர்வார்கள். நாம் கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

கெடு என்பது கேடு ஆவதுபோல, பண்படு என்பது பண்பாடு ஆகிறது. பண்படுதல் என்றால் பக்குவப்படுதல். தாமிரபரணிப் பாசன வயலில் பிசானப் பருவ நெல் நடவுக்கு முன்னால் நடப்பது அதுதான்: தண்ணீர் கட்டி, கொளுஞ்சித் தழையைப் போட்டு மிதித்து, சேறு குழைய உழுது, பரம்படித்து மட்டமாக்கிய பிறகுதான் நாற்று இறங்கும். 'கல்ச்சர்' பிறந்த லத்தீன் சொல்லுக்கும் பயிரிடுதல் என்றே பொருள். டி.கே.சி. எடுத்துத் தந்த சொல் அந்த வேர்வரைக்கும் பொருந்திவிட்டது.

இன்னொரு பக்கம் 'பண்பு' நிற்கிறது. 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை. எதிரில் இருப்பவர் இயல்பையும் நிலைமையையும் அறிந்து நடப்பது. அடுத்தவரைக் கணக்கில் எடுக்காத பண்பு என்று ஒன்று தமிழில் கிடையாது.

அதனால்தானோ என்னவோ, செய்தித்தாள்கள் நம் மாவட்டத்தைப் பற்றி 'அரிவாள் கலாச்சாரம்' என்று எழுதும். 'அரிவாள் பண்பாடு' என்று எழுத யாருக்கும் கை வராது. கலாச்சாரம் இப்போது வெறும் பழக்கம் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பிளெக்ஸ் கலாச்சாரம், பார்ட்டி கலாச்சாரம், எதையும் ஒட்டலாம். பள்ளிக்கூடப் பையன் மணிக்கட்டில் கட்டுகிற சாதிக் கயிற்றுக்கும் 'எங்க கலாச்சாரம்' என்று சாக்குச் சொல்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரைச் சாதியின் பேரால் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பாடறிந்து ஒழுகுதலுக்கும் அந்தக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஆய்வாளர்கள் பண்பாடு என்பதை நல்லது கெட்டது பார்க்காமல் வாழ்முறை முழுவதற்கும் சொல்வார்கள். பாளையங்கோட்டைத் தொ. பரமசிவன் உப்பு, எண்ணெய், உடை, சிறுதெய்வம் எல்லாவற்றையும் அதில் அடக்கிப் பேசினார். அதுவும் சரியான வழக்குதான்.

அப்புறம், எழுத்து. கலா + ஆசாரம் என்பதால் கலாசாரம் என்பதே சரி. 'ச்' பேச்சில் ஒட்டிக்கொண்டது. பண்பாடு அடுத்த சொல்லோடு சேரும்போது பண்பாட்டு என்று மாறும்: பண்பாட்டுத் துறை, பண்பாட்டு மையம்.