ஆட்டிசம்: சொல் வந்த வழியும் தமிழில் சொல்லும் முறையும்

பாபநாசத்தை அடுத்த சிற்றூரில் வாழும் என் அண்ணன் மகள், தன் மூன்று வயது மகனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டி, "சித்தப்பா, இவன் வயித்துல இருந்தப்ப ஐப்பசி மழையில எனக்கு நாலு நாள் காய்ச்சல் அடிச்சுச்சே, அதனாலதான் வந்துச்சா?" என்று கேட்டாள். தாளில் 'ஆட்டிசம்' என்று இருந்தது; பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் பிள்ளை வேறுபட்டு வளரும் நிலை அது. பையன் திண்ணையில் பித்தளை டபராவைச் சுழலவிட்டு, அது ஓயும்போது எழும் அதிர்வோசையைத் தரையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

'தான்' என்று பொருள்படும் 'ஆட்டோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உருவாக்கியவர், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். 1910ஆம் ஆண்டையொட்டி அவர் இதைக் குழந்தைகளைக் குறித்து வழங்கவில்லை; மனச்சிதைவு நோயாளிகள் வெளியுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்குவதையே அப்படிக் குறித்தார். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் அந்தச் சொல்லை எடுத்து, இன்று நாம் ஆட்டிசம் என்று அறியும் நிலைக்குச் சூட்டினார். பெற்றோரின் அன்பில் கதகதப்பு இல்லை என்றும் அவர் எழுதிவைக்க, தாயின் பாராமுகமே காரணம் என்னும் கொடிய கருத்து அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகில் நிலைத்தது. அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு இது என்பதும், மரபணுக்களின் பங்கே அதில் மிகுதி என்பதும் இன்று தெளிவு. ஆயினும் "நான் என்ன தப்பு செய்தேன்" என்று தாயைக் கேட்க வைக்கும் பழக்கம் நம்மிடையே போகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் உலவுகின்றன. 'மதியிறுக்கம்' என்பது அறிவு குறைந்துவிட்டதாக எண்ணச் செய்கிறது; ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அறிவுத்திறனில் குறையே இல்லை. 'தன்முனைப்புக் குறைபாடு' என்னும்போது, ஆணவம் என்ற பொருளில் நாம் நாளும் வழங்கும் தன்முனைப்பு குறுக்கே வந்து நிற்கிறது. அரசு ஆவணங்களில் காணப்படும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பதை நான் ஏற்க மாட்டேன். டபரா ஓயும் ஓசையை அத்தனை நுட்பமாகக் கேட்கும் பிள்ளைக்குப் புற உலகம் நம்மைவிடக் கூடுதலாகவே எட்டுகிறது. அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வழிதான் வேறாக இருக்கிறது. ஆகவே, பொருத்தமான சொல் ஒன்று ஊன்றும்வரை 'ஆட்டிசம்' என்றே எழுதுவதும், நோய் என்னாமல் 'ஆட்டிசம் நிலை' என்பதும் நேர்மையானவை.

இனிக் காய்ச்சல். நார்வேயில் 1999 முதல் 2009 வரை பிறந்த 95,754 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், 583 பேருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டிருந்தது. கர்ப்ப காலத்தில் காய்ச்சல் கண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் அந்த வாய்ப்பு 34 விழுக்காடு கூடுதலாகவும், பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் மூன்று முறையோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் இருந்தது. இவ்வகைச் செய்திகளில் 'ரிஸ்க்' என்னும் ஆங்கிலச் சொல்லை 'ஆபத்து' என்று எழுதுகிறார்கள்; அது தீங்கு வாசலில் வந்து நிற்பதைச் சொல்லும் சொல். இங்கே பேசப்படுவது கணக்கு. ஆயிரம் குழந்தைகளில் சுமார் ஆறு பேருக்கு ஆட்டிசம் என்பது, தாய்க்குக் காய்ச்சல் கண்டிருந்தால் எட்டு ஆகிறது. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு அந்த நிலை இல்லை. காய்ச்சலும் ஆட்டிசமும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டவும் இயலாது. திருவாவடுதுறையில் சம்பந்தர் "இடரினும் தளரினும்" என்று பாடிய 'இடர்' என்னும் பழஞ்சொல் நம் கைவசம் இருக்கிறது. அதோடு வாய்ப்பைச் சேர்த்து 'இடர்வாய்ப்பு' என்று எழுதினால் அச்சமும் குறையும், அளவும் தெரியும்.

அண்ணன் மகள் காய்ச்சலைப் பற்றிக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது மறுபடியும் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள்; சம்பா வயலில் தண்ணீர் தேங்கி, கொசுவும் எலிக்காய்ச்சலும் பெருகும் அடைமழைக் காலம் முன்னால் இருக்கிறது. மாத்திரை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிக் கஷாயத்தோடு பொறுத்துக்கொள்ளலாமா என்பதே அவள் எண்ணம். ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளைக் கொண்டு, உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வு பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணவில்லை என்பதை அவளுக்கு விளக்கினேன். காய்ச்சல் கண்ட அன்றே கிராம செவிலியரிடம் சொல்ல வேண்டும், அவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போடலாம், ஐபுப்ரோஃபென் என்னும் வலி மாத்திரையை, குறிப்பாக இருபது வாரத்துக்குப் பின், தானாக வாங்கிப் போடக்கூடாது, எதனால் வந்த காய்ச்சல் என்று ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். முதல் கேள்விக்கு, "அந்த நாலு நாள் காய்ச்சலாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா, உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, திண்ணைக்குப் போய் மகன் பக்கத்தில் குனிந்து, தானும் தரையில் காதை வைத்தாள்.