வரிசை ஒன்றல்ல

எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று அறுவை மருத்துவர் கேட்கிறார். வலது என்றதும் இடது கையை நீட்டச் சொல்கிறார். முஷ்டியை இறுக்கி மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரு பக்கமும் ஓடும் தமனிகளை அழுத்திப் பிடிக்கிறார். கையை விரித்தால் உள்ளங்கை வெளுத்துக் கிடக்கிறது. இப்போது சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விடுகிறார். சில நொடிகளில் உள்ளங்கை முழுக்கச் சிவந்தால் சரி, அந்தக் கை தேறிவிட்டது.

1929இல் எட்கர் ஆலன் என்ற மருத்துவர் சொன்ன சோதனையின் பின்னாளில் திருத்திய வடிவம் இது. திருநம்பி ஒருவருக்கு ஆண்குறி அமைக்க, முன்கையின் தோலை அதன் ரத்தக்குழாயோடும் நரம்போடும் சேர்த்து எடுப்பது பரவலான முறை. கட்டைவிரல் பக்கத்துத் தமனி அந்தத் தோலோடு போய்விடும். மிச்சமுள்ள ஒரே தமனி கை முழுவதற்கும் ரத்தம் கொடுக்குமா என்பதைத்தான் முன்கூட்டியே பார்க்கிறார்கள்.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பொது மருத்துவச் சேவையில் அந்த நாற்காலி வரை வந்து சேரப் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. பணம் ஒதுக்கவில்லை, மருத்துவர்களுக்கு மனமில்லை என்று காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்டுதான். ஆனால் நாம் ஒரு வரிசை என்று நினைப்பது உண்மையில் நாலைந்து வரிசைகள். ஒன்றில் முதல் ஆளாக வந்தவர் அடுத்ததில் கடைசியில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் வரிசை காகிதத்தில். அரசுப் பணத்தில் சிகிச்சை நடக்கப் பொதுவாக ஒரு நோய்க்குறியீட்டு எண் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராவது நோய் வகைப்பாட்டில், ‘பாலின முரண்’ (பிறப்பில் குறித்த பாலினமும் ஒருவர் உணரும் பாலினமும் பொருந்தாமை) மனநோய்ப் பட்டியலிலிருந்து வெளியேறிப் பாலியல் நலம் சார்ந்த பகுதிக்குப் போனது. நோயே இல்லையென்றால் அடியோடு எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எடுத்துவிட்டால் எண் போய்விடும். எண் போனால் சிகிச்சைக்குப் பணம் கேட்க வழியில்லை. அதனால்தான் இடம் மாற்றினார்களே தவிர நீக்கவில்லை.

அப்புறம் மதிப்பீடு. திருநர் நலத்துக்கான உலகளாவிய மருத்துவ அமைப்பின் பழைய வழிகாட்டுதல், பிறப்புறுப்பு அறுவைக்கு இரண்டு நிபுணர்களின் கடிதங்களைக் கேட்டது. 2022இல் வந்த எட்டாம் பதிப்பு பெரியவர்களுக்கு ஒன்றே போதும் என்றது. அதற்குப் பிறகும் இரண்டு கேட்கும் சேவைகள் உண்டு. நிபுணர்களே குறைவாக இருக்கும் இடத்தில் இரண்டாவது கடிதம் என்பது இரண்டாவது காத்திருப்பு. இதில் மருத்துவ லாபம் என்ன என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது முடி.

திருநங்கையர்க்குச் செய்யும் அறுவையில், ஆண்குறியின் தோலை உள்முகமாகத் திருப்பி யோனிக் குழாயாக அமைப்பது பழக்கமான முறை. தோல் போதாவிட்டால் விதைப்பையின் தோலையும் சேர்ப்பார்கள். அந்தத் தோலில் முடி வேர்கள் உயிரோடு இருந்தால் குழாய்க்குள்ளேயே முடி வளரும். அங்கே சிக்கி, கட்டி, தொற்று என்று போகலாம். உள்ளே போன பின் அகற்றுவது பெரும்பாடு. ஹார்மோன் மாத்திரை அந்த இடத்து முடியைப் போக்காது. லேசர்தான், அல்லது மின்சாரம் செலுத்தி வேரை அழிக்கும் மின்னூசி. முடியின் கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடும். ஆனால் வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் இதற்கு அகப்படும். எந்த நாளில் பார்த்தாலும் ஒரு பகுதி முடி தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்து வளரும்வரை காத்திருந்து மறுபடி சுட வேண்டும். இப்படிப் பல அமர்வுகள், பல வாரங்கள் இடைவெளி விட்டு. எளிதில் ஓராண்டு ஓடிவிடும். நரைத்த முடிக்கு லேசர் பலிக்காது, வேருக்கு வேர் மின்னூசிதான்.

அறுவைக்குத் தேதி வந்த பிறகு இதைச் சொன்னால் தேதி கைவிட்டுப் போகும். பெயர் பதிந்த அன்றே சொன்னால் காத்திருக்கும் காலமே வேலை செய்யும் காலமாகிவிடும். சில சேவைகள் முடி நீக்கத்தை அழகுக்கலை என்று ஒதுக்கிவிடுவது இன்னொரு கொடுமை. குழாய் வேண்டாம், வெளித்தோற்றம் போதும் என்பவருக்குக் குழாய்த்தோலில் முடி நீக்கும் வேலையே கிடையாது. இதையும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

புகைப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்வதும் ஒழுக்கப் பாடம் அல்ல. நிகோட்டின் நுண் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இடம் மாற்றி வைத்த தோல் ரத்தமில்லாமல் கருகிப்போகலாம்.

எல்லாம் தயாரானாலும் அறுவை அரங்கு கிடைக்க வேண்டும். முன்கைத் தோல் அறுவை ஒரு மேசையை நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், மயக்கவியல் குழு எல்லோரும் ஒரே நாளில் வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய இழையால், நுண்ணோக்கியில் பார்த்தபடி ரத்தக்குழாய்களைத் தைக்கக் கற்றவர்கள் குறைவு. விபத்துக் காயமோ புற்றுநோயோ வந்தால் ‘அவசரமில்லை’ என்று குறித்த அறுவைதான் முதலில் தள்ளிப்போகும். 2020இல் கொரோனா வந்தபோது உலகின் பல மருத்துவமனைகளில் இதுதான் நடந்தது.

அறுவை முடிந்த பிறகும் உடல் சும்மா இருக்காது. புதிதாக அமைத்த யோனிக் குழாயை அது ஆற வேண்டிய காயமாகத்தான் பார்க்கும். காயத்தின் ஓரங்களை இழுத்துச் சுருக்கும் செல்கள் வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் டைலேட்டர் என்ற வழவழப்பான உருளையை முதலில் நாளுக்குச் சில தடவை, பிறகு மெல்லக் குறைத்து, வைக்கச் சொல்கிறார்கள். விட்டால் குழாய் குறுகிவிடும். இதற்கு வீட்டில் தனியறையும் நேரமும் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு அறுவையை மட்டும் இலவசமாகச் செய்துகொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

முன்கைத் தோல் வைத்தவருக்கு வேறு கணக்கு. இடுப்புப் பக்கத்து நரம்போடு இணைத்த முன்கை நரம்பு மறுபடி வளர வேண்டும். சரியாகப் போனால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றால் கணக்குப்படி நாலு மாதம். உண்மையில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஒவ்வொரு பரிசோதனையிலும் கண்ணை மூடச் சொல்லி, அடியிலிருந்து நுனி நோக்கிப் பஞ்சால் தொட்டுக்கொண்டே போகிறார்கள். தெரியவில்லை என்று சொன்ன இடத்தில் நிறுத்தி, அளந்து, குறித்துக்கொள்கிறார்கள்.