அயல் மீன் பெருகிய ஏரி: மருந்துக்கு முன் கரையைப் பாருங்கள்

ஏரியில் அயல் மீன் பெருகிவிட்டது என்று என்னைக் கூப்பிடுபவர்கள் பலரும் முதலில் கேட்பது, "என்ன மருந்து போடலாம்?" என்றுதான். போடாதீர்கள். ரோட்டினோன் போன்ற மீன் நஞ்சுக்கு அயல் மீன், நாட்டு மீன் என்ற பேதம் கிடையாது. காலியான ஏரியை மறுபடி முதலில் நிரப்புவதும் வேகமாகப் பெருகும் இனம்தான்.

எந்த மீன் என்று தெரிந்துகொண்டு வலையை எடுங்கள். ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியாவில், தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அதனால் தப்பிய சில மீன்களே மறுபடி பெருகப் போதும். நெரிசல் கூடினால் சிறிய அளவிலேயே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும். குஞ்சு என்று நினைத்து நீங்கள் விட்டுவிடும் விரல் நீள மீன் முட்டையிடும் மீனாக இருக்கலாம். பெரிய கண்ணி வலை மட்டும் போட்டால் இவை எல்லாம் தப்பிவிடும்.

வீட்டு மீன் தொட்டியில் பாசி தின்ன விடும் டேங்க் கிளீனர் மீன் வேறு ரகம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் உள்ளே காவல் இருக்கும். நடு ஏரியில் எவ்வளவு வலை வீசினாலும் வளைக்குள் இருப்பது வராது. தண்ணீர் வற்றும் காலத்தில் கரையோரம் நடந்தால் வளை வாய்கள் வரிசையாகத் தெரியும். அப்போதுதான் வேலை: தோண்டி மீனையும் முட்டையையும் எடுத்து, களிமண் திணித்துக் கெட்டிக்க வேண்டும். விட்டால் கரையும் சரியும்.

இந்த மீன் வலையில் மாட்டினால் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விறைத்துக்கொள்ளும். கண்ணியை அறுத்தால்தான் எடுக்க முடியும். மீனவர் கடுப்பில் அதைத் திரும்பத் தண்ணீரிலேயே எறிந்துவிடுவார். கரையில் போட்டாலும் சீக்கிரம் சாகாது. வயிற்றாலேயே காற்றைச் சுவாசித்துப் பல மணி நேரம் தாங்கும். பிடித்ததை உடனே கொன்று, கரையைவிட்டுத் தள்ளிப் புதைப்பதே சரி. அறுந்த வலைக்கு ஈடு கொடுக்காமல் மீனவரிடம் ஒத்துழைப்பு கேட்பது, என் பார்வையில், நியாயமில்லை.

"சாப்பிட்டே தீர்த்துவிடலாமே" என்பவர்களும் உண்டு. பிடித்ததைச் சாப்பிடலாம், அதில் தவறில்லை. ஆனால் நல்ல விலை கிடைக்க ஆரம்பித்தால், அடுத்த ஏரியில் கொண்டுபோய் விட ஆள் வந்துவிடும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய இரைதேடி மீனை விட்டதும் மீன்பிடிப்பைப் பெருக்கத்தான். அங்கு மட்டுமே வாழ்ந்த சிக்லிட் என்ற மீன் குடும்பத்து இனங்கள் பல அதற்கு இரையாகி அழிந்தன.

அப்புறம், வெள்ளத்தோடு மீன் வெளியேறாதபடி மதகிலும் கலங்கிலும் மழைக்கு முன்பே சிறு கண்ணி வலை கட்டுங்கள். இலையும் குப்பையும் அடைக்கும், அடிக்கடி எடுத்துவிட ஆள் வேண்டும். வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப்போனால் ஏரியில் விடாமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள்.

எத்தனை கிலோ பிடித்தோம் என்ற கணக்கோடு, அடுத்த பருவத்தில் ஓரத் தண்ணீரில் குஞ்சு எவ்வளவு தென்படுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். குஞ்சு குறையவில்லையா, வலை போடும் இடத்தையும் காலத்தையும் மாற்ற வேண்டும்.