கயிற்றில் இருந்தால் அறுக்கலாம், பாறையில் இருந்தால் கை வைக்கக் கூடாது

நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் பச்சை மட்டி வளர்ப்பவர்கள் கடலில் தொங்கவிட்ட கயிற்றை இழுத்தால், மட்டியோடு ஒரு பழுப்புப் பாசியும் வரும். நீண்ட இலை, நடுவே தடித்த நரம்பு, அடியில் புடவைக் கொசுவம் போல ஒரு சுருள். வித்துகள் அந்தக் கொசுவத்தில்தான் இருக்கின்றன. ஒரே செடி லட்சக்கணக்கில் உதிர்த்துவிடும். பெயர் உண்டாரியா. ஜப்பானியர் சூப்பில் போடும் வக்காமே இதுதான் (பெயரில் ‘உண்டார்’ இருப்பது தற்செயல்).

1987இல் வெலிங்டன் துறைமுகத்தில் கண்டறியப்பட்ட இதை, 2000இல் அரசு ‘வேண்டாத உயிரினம்’ என்று அறிவித்தது. அதனால் 1993ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் 52, 53ஆம் பிரிவுகள் இதற்குப் பொருந்தும். தெரிந்தே பரப்புவது, விற்பது, வளர்ப்பது எல்லாம் குற்றம். தனிநபருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 1,00,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

அப்படியானால் கயிற்றில் தானாக முளைத்ததை என்ன செய்வது? முதன்மைத் தொழில்கள் அமைச்சகத்தின் அனுமதி பெற்று அறுத்து விற்கலாம். ஆனால் பக்கத்துப் பாறையில் இருப்பதை, கட்டுப்பாட்டுப் பணியின் பகுதியாக அன்றி, வணிகத்துக்காக அறுக்க முடியாது. விசித்திரமாகத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. பாறையில் அறுக்கும்போது உள்ளூர்ப் பாசியும் சேர்ந்து பிய்ந்துபோகும். வெறுமையான இடத்தை முதலில் பிடிப்பது உண்டாரியாதான்.

உண்மையான தலைவலி, பண்ணை விட்டுப் பண்ணை போகும் சரக்கு. கயிறு, மிதவை, மட்டிக்குஞ்சு என எதில் வேண்டுமானாலும் இது தொற்றிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரிந்த இலையைப் பிய்த்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. இதன் வாழ்க்கையில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஒரு பருவம் உண்டு; அது மாதக்கணக்கில் காத்திருக்கும். ஈரக் கயிற்றைக் குவியலாகப் போட்டால் மேற்புறம் காயும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். விரித்து முழுக்கக் காயவிட வேண்டும். இல்லையென்றால் நன்னீரில் நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும். மட்டிக்குஞ்சுக்கு இதெல்லாம் ஒத்துவராது. பாசியைக் கொல்லும் வைத்தியம் குஞ்சையும் கொன்றுவிடலாம். ஆகவே பாசி பரவிய இடத்துக் குஞ்சைப் பரவாத இடத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

இதையே பயிராக வளர்க்க விரும்புவோருக்கு 2010 முதல் வழி இருக்கிறது. வெலிங்டன், மார்ல்பரோ, பேங்க்ஸ் தீபகற்பம் ஆகிய, ஏற்கெனவே பாசி மண்டிய பகுதிகளில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அனுமதி உண்டு. அமைச்சகத்தின் அனுமதி மட்டும் போதாது. அந்த இடத்தில் வளர்ப்பதற்கு உள்ளூர் மன்றத்தின் இசைவையும் தனியாகப் பெற வேண்டும்.